மேலே ஆண், அடியில் பெண்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், பாம்பன் பக்கம் ஓர் ஏலக் கொட்டகைச் சுவரில் என் நண்டைப் பார்த்தேன். நான்கடி அகல ஃபிளெக்ஸ். மேலே பெரிய எழுத்தில், சினை நண்டு வலையில் பட்டால் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்று ஒரு வேண்டுகோள். கீழே இரண்டு படங்கள்: முதுகுப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. கச்சான் காற்றில் ஒரு மூலை கயிற்றை அறுத்துக்கொண்டு படபடவென்று அடித்தது. அந்த மூலையைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வலது கொடுக்கின் நுனி கொஞ்சம் உடைந்திருந்தது. ஓட்டின் இடது ஓரத்து நீள முள் சற்றே வளைந்திருந்தது. ஒரு காலைப் பொழுது முழுக்க அந்த நண்டை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். உடைந்த நுனியை ஒட்டவைத்து அழகாக்காமல் கண்ணுக்குத் தெரிந்தபடியே வரைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தின் கீழ் மூலையில் என் கையெழுத்தும் இணையதள முகவரியும் இருந்தன. ஃபிளெக்ஸில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

கோபம் வந்தது. ஆனால் அது ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வந்தது வேறொன்று. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வருஷமாக மனசுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் எனக்கு ராமநாதபுரத்தில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை. விடிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரைவேன். வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கிடைப்பதும் தென்கடலான மன்னார் வளைகுடாவில் கிடைப்பதும் எதிரும் புதிருமாக வீட்டு மேசைக்கு வந்து சேரும். நண்டு, மீன், சங்கு, கரையில் ஒதுங்கும் பாசி எல்லாவற்றையும் வரைந்து, ஊரில் சொல்லும் பெயரைப் பக்கத்தில் எழுதிவைப்பேன். 2019இல் அவற்றுக்காக ஒரு இணையதளம் தொடங்கினேன். யாரிடமும் கேட்டு நிற்காமல் என் படங்களுக்கு என்று ஒரு சுவர் வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு எண்ணம் இல்லை. முதலில் ஏற்றிய படங்களில் ஒன்றுதான் இந்த நீலக்கால் நண்டு. பாக் நீரிணைப் பக்கம் நண்டு வலை விடுகிற எல்லோருக்கும் சோறு போடுகிற நண்டு அது.

ஆண் நண்டின் முதுகும் கொடுக்கும் பளிச்சென்ற நீலம், வெள்ளைப் புள்ளிகளும் திட்டுகளுமாக இருக்கும். பெண் நண்டு பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். திருப்பிப் போட்டால் இன்னும் சுலபம்: ஆணுக்கு அடிவயிற்று மூடி ஒடுக்கமாகக் கோபுரம் மாதிரி மேலே போகும். வளர்ந்த பெண்ணுக்கு அது அகலமாக, வட்டமாக இருக்கும், ஏனென்றால் சினையை அதற்கடியில்தான் சுமக்கிறது. கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றுகிற எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். நான் என்ன செய்தேன் என்றால், முதல் நாள் காலை ஓர் ஆண் நண்டின் முதுகை வரைந்தேன். மதியத்துக்குள் அதை எடை போட்டு கம்பெனிக்கு ஏற்ற வேண்டும் என்று வாங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் வேறொரு நண்டு கொடுத்தார்கள். அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை வரைந்தேன். அது பெண். கவனிக்கவே இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, ஒரே நண்டின் இரு பக்கம் போல ஏற்றிவிட்டேன்.

இரண்டு வருஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டுத்தான் வந்தது. 2021இல் தங்கச்சிமடத்துக் கரையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் என் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கைபேசியை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “ஏத்தா, மேல ஆம்பளைய வரைஞ்சிட்டு அடியில பொம்பளைய வச்சிருக்கியே, ரெண்டும் ஒரே நண்டா?” என்றார். குரலில் கேலி இல்லை. சந்தேகம் கேட்டது போலத்தான் இருந்தது. அந்த வாரமே ஆணுக்கு ஒரு ஜோடி, பெண்ணுக்கு ஒரு ஜோடி என்று நான்கு படம் வரைந்து ஏற்றினேன். முதலில் வந்த படத்தில் இன்ன தவறு இருந்தது, இன்ன தேதியில் திருத்தினேன் என்று கீழே எழுதியும் வைத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கொட்டகைச் சுவரில் இருந்தது அந்தப் பழைய படம். சினையைச் சுமக்கும் பெண் நண்டை விட்டுவிடுங்கள் என்ற வேண்டுகோளுக்குக் கீழே, நீல நிறத்தில் ஓர் ஆண் நண்டின் முதுகு.

நான் ஃபிளெக்ஸின் மூலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் சொன்னார்: “இத வரைஞ்சவுக நண்டைத் திருப்பியே பாத்திருக்க மாட்டாக போல.” பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அப்போது எனக்குள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் பெயர் அதில் இல்லையே என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. சற்று முன்னால் எந்தப் பெயரைக் காணோம் என்று கொதித்தேனோ, அதே பெயர் இல்லாமல் போனதே நல்லது என்று தோன்றியது. அந்த நிம்மதியை உணர்ந்தவுடனேயே வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்புறம் திரும்பி, “நான்தான் அண்ணே வரைஞ்சேன். தப்புதான். அப்பவே திருத்திட்டேன், இது பழசு” என்றேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கதான்னா பேரு போட்டிருக்கலாம்ல? போன வாரமே கூப்பிட்டுச் சொல்லியிருப்போம்” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. பெயர் போடுவதை அதுவரை நான் என் சொத்துக்கு வேலி போடுவதாகவே நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. தவறு கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது அவர் கேள்வி. ஃபிளெக்ஸ் ஒரு வாரமாகத் தொங்குகிறது. பார்த்த அத்தனை பேருக்கும் அது தப்பு என்று தெரிந்திருக்கிறது. சொல்வதற்கு ஆள் இல்லாததால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சினை நண்டை விடச் சொல்ல வந்தவர்களுக்கு ஆண் பெண் தெரியவில்லை என்றால், அவர்கள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு நல்ல வேண்டுகோள் என் படத்தால் பலமிழந்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

கிடந்தது

அந்த ஃபிளெக்ஸை வைத்தவர்கள் யார் என்று விசாரித்து, மறுநாள் கூப்பிட்டேன். பேசியது ஓர் இளைஞர், நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “நெட்ல கிடந்துச்சு மேடம். யாரோ குரூப்ல போட்டிருந்தாங்க, பேர் எதுவும் இல்லையே” என்றார். பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் தளத்தில் இருந்த படம் 4000 பிக்சல் அகலம். ஃபிளெக்ஸில் ஓட்டின் புள்ளிகளெல்லாம் கரைந்து திட்டுத்திட்டாக இருந்ததைப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் நாலைந்து கை மாறிச் சுருங்கியது என்பது அச்சகத்தில் வேலை பார்ப்பவளுக்குப் புரியாமல் இருக்காது. யாரோ ஒருவர் எங்கோ ஓரத்தை வெட்டியிருக்கிறார். ஒருவேளை நண்டு திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் வெட்டியிருக்கலாம். அதற்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் அது அநாதைப் படம்.

‘கிடந்தது’ என்ற சொல் கடற்கரையில் பிறந்த எனக்குப் பழக்கமானது. என் மாமா ஒருமுறை காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு நண்டு வலையைப் பார்த்தார். மிதவைகளில் சிவப்புப் பெயிண்டில் இரண்டு கோடு. அந்தக் குறி யாருடையது என்று நாலு பேரிடம் கேட்டு, கடைசியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போனார். குறி இல்லாத வலையாக இருந்திருந்தால் மாமாவே அதை வைத்துக்கொண்டிருப்பார், அதில் தப்பென்று ஊரில் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மிதவையில் போட்ட கோடு எந்தத் திருடனையும் தடுத்துவிடாது. நல்ல மனிதர் கையில் கிடைத்தால் வலை திரும்பி வர வழி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். என் படத்தின் குறி, வெட்டினால் போய்விடுகிற ஓரத்தில் இருந்தது.

சட்டம் எதைத் தருகிறது

நண்பர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. ஆனால் அந்தச் சாக்கில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வரைகிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நான் முதலில் தெரிந்துகொண்டது, உரிமை கிடைக்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது. வரைந்து முடித்த கணத்திலேயே அது என்னுடையது. என் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். பதிவு செய்தால் நீதிமன்றத்தில் அந்தச் சான்றிதழ் முதல்நிலை ஆதாரமாக நிற்கும். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், சரக்குகளில் பயன்படுத்தக்கூடிய படமென்றால் 2000. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை முதலாளிக்குப் போய்விடும் என்பதைப் படித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். நல்லவேளை, நண்டுகளை நான் அச்சக மேசையில் வரைந்ததில்லை. இன்னொன்று, நண்டு என்னுடையது ஆகாது. அதன் கொடுக்கு, முள், துடுப்புக் கால், ஆண் பெண் அடையாளம் எதற்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் அதே நண்டை எதிரில் வைத்து வரையலாம். என் கோடுகளும் என் புள்ளிகளும் மட்டுமே என்னுடையவை.

எனக்கு மிகவும் பிடித்தது 57ஆம் பிரிவு. பதிப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்டாலும் படைத்தவரிடமே தங்கிவிடும் இரண்டு உரிமைகளை அது சொல்கிறது: இது நான் செய்தது என்று சொல்லும் உரிமை ஒன்று. அதைச் சிதைத்து என் மதிப்பைக் குலைத்தால் தடுக்கும் உரிமை இன்னொன்று. டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். சிற்பம் அரசாங்கம் காசு கொடுத்துச் செய்வித்தது. ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. அதை இரவில் படித்துவிட்டு வெகுநேரம் தூங்காமல் இருந்தேன். 2012இல் செய்த திருத்தம் ஒன்றும் எனக்கு உதவும் விதமாக இருந்தது: மின்வடிவப் படைப்போடு இருக்கும் உரிமையாளர் விவரத்தை, அதிகாரமில்லாமல் தெரிந்தே நீக்குவது குற்றம். ஆனால் ‘தெரிந்தே’ என்ற சொல் அங்கே இருக்கிறது. என் படத்தின் ஓரத்தை வெட்டிய அந்த முதல் கை யாருடையது, அதற்கு என்ன தெரியும் என்று நான் எங்கே போய்த் தேடுவது?

ஆதாரம் எனக்கு ஏராளமாக இருந்தது. அசல் தாள் வீட்டில் இருக்கிறது. 2019இல் என் பக்கம் எப்படி இருந்தது என்பதை இன்டர்நெட் ஆர்க்கைவ் தேதியோடு சேமித்து வைத்திருந்தது. எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் என் தவறு. முதுகு ஆணாகவும் அடி பெண்ணாகவும் ஒரு நண்டு கடலில் கிடையாது. அது என் மேசையில் மட்டுமே பிறந்தது. படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டிலும் தேடியபோது மொத்தம் 14 இடங்களில் அந்தப் படம் அகப்பட்டது: மீன் கடை விளம்பரம், உணவகத்தின் மெனு அட்டை, யாரோ ஒருவரின் பாடக் குறிப்பு. திருத்திய படம் ஒன்றில்கூட இல்லை.

இதைக் கேட்ட ஒரு நண்பர், இனி எல்லாப் படத்திலும் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழை வைத்துவிடு, திருடியவர் தப்ப முடியாது என்றார். வரைபடம் போடுகிறவர்கள் செய்ததுதான் அது. அமெரிக்காவில் நியூயார்க் மாநில வரைபடம் ஒன்றில் 1930களில் ஆக்லோ என்று இல்லாத ஊரையே குறித்து வைத்தார்கள். யோசித்துப் பார்த்தேன், என்னால் முடியாது. என் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை காலை எண்ணும், முள்ளை எண்ணும். திருடரைப் பிடிப்பதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் பொய் சொல்ல வேண்டுமா? தெரியாமல் செய்த ஒரு பிழையே இத்தனை தூரம் போயிருக்கிறது.

பூட்டுகளும் மிதவைக் குறியும்

ஃபிளெக்ஸைப் பார்த்த அன்று இரவே நான் செய்த காரியம், தளத்தில் இருந்த எல்லாப் படங்களையும் பூட்டியதுதான். வலது கிளிக் வேலை செய்யாதபடி செய்தேன். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் குறுக்காக என் பெயரைப் பெரிதாகப் பரப்பினேன். அது எப்படிப்பட்ட பூட்டு என்று எனக்கே தெரியும். திரையில் தெரிகிற படம் ஏற்கெனவே பார்ப்பவரின் கருவிக்குள் வந்து இறங்கிவிட்டது. வலது கிளிக்கைத் தடுத்தால் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. மூன்று வாரத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நண்டின் வாய்ப்பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், உங்கள் பெயர் சரியாக அதன் மேல் விழுந்திருக்கிறது, வேறு படம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். பெயரை நீக்கித் தாருங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ள நினைத்த யாரையும் அந்தப் பூட்டு நிறுத்தியதாகத் தெரியவில்லை. பார்க்க நினைத்தவரைத்தான் நிறுத்தியிருந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இப்போது வேறு விதமாகச் செய்கிறேன். அசலை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்து வீட்டில் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். தளத்தில் போடுவது நீளப் பக்கம் 1200 பிக்சல். திரையில் வரைந்த விதம் முழுக்கத் தெரியும். 300 டிபிஐ கணக்கில் அச்சடித்தால் நான்கு அங்குலத்துக்கு மேல் தரமாக வராது. ஃபிளெக்ஸ் அடிப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை என்பது எனக்குத் தெரியும், மங்கலாக இருந்தாலும் அடித்துவிடுவார்கள். ஆனால் புத்தகத்துக்கோ நல்ல அட்டைக்கோ வேண்டுமென்றால் என்னைக் கேட்டே ஆக வேண்டும், கேட்டால் சரியான படம் போகும். பெயர், முகவரி, திருத்த எண் மூன்றையும் ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன். துடுப்புக் காலுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருக்கிற இடுக்கில் சின்ன எழுத்தில் கோடோடு கோடாக எழுதுகிறேன். அதை வெட்டினால் காலும் சேர்ந்து போகும். கோப்புக்குள் இருக்கும் விவரப் பகுதியிலும் அதே தகவலை நிரப்புகிறேன். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும் என்றாலும், கோப்பாகவே கைமாறும் இடங்களில் தங்கும்.

அந்த விவரப் பகுதியைத் திறந்து பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கரையில் உட்கார்ந்து வரைந்த சில பென்சில் படங்களைக் கைபேசியில் ஃபோட்டோ எடுத்து அப்படியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றிலும் அட்சரேகை, தீர்க்கரேகை சில மீட்டர் துல்லியத்தில் பதிவாகியிருந்தது. அவற்றில் ஒன்று கடல் அட்டை. 2001இலிருந்து பிடிக்கத் தடை உள்ள உயிர். அதைத் தேடித் திருட்டுத்தனமாக எடுப்பவர்கள் இந்தக் கடற்கரையில் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. என் படத்தை யார் எடுத்துவிடுவார்களோ என்று நான் பதறிக்கொண்டிருந்த காலமெல்லாம், அது எங்கே கிடந்தது என்பதை நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இயற்கையை வரைந்து ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை சரிபாருங்கள். கைபேசிக் கேமராவில் இடப் பதிவை நிறுத்திவிட்டு எடுங்கள், பழைய படங்களிலிருந்து அதை நீக்குங்கள்.

உரிமத்தைப் பற்றியும் நிறைய யோசித்தேன். சில நிபந்தனைகளோடு யாரும் படைப்பைப் பயன்படுத்திக்கொள்ள விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டவை, பல கலைஞர்கள் நிம்மதியாகப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் இடித்தது ஒன்றுதான்: ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பிழையுள்ள பழைய நண்டை அந்த உரிமத்தில் விட்டிருந்தால், பெயரோடு அது காலத்துக்கும் நியாயமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், மாற்றுங்கள் என்று கேட்கலாமே தவிர வற்புறுத்த முடியாது. அதனால் தமிழில் நானே நாலு வரி எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் வைத்திருக்கிறேன். பள்ளிகளும் மீனவர் சங்கங்களும் காசு தர வேண்டாம். அச்சடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், புதிய திருத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். வியாபாரத்துக்கு என்றால் விலை பேச வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களை வாரிக்கொண்டு போகும் நிரல்களைப் பற்றிக் கேட்கிறார்கள். தளத்துக்கு வரும் நிரல்கள் படிப்பதற்கென்று வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் ஜிபிடிபாட் போன்றவற்றின் பெயரை எழுதி வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது ஒரு வேண்டுகோள் மட்டுமே, கேட்பவை கேட்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2023இல் வெளியிட்ட கிளேஸ் என்ற மென்பொருளையும் ஒரு படத்தில் முயன்று பார்த்தேன். செயற்கை நுண்ணறிவு நம் வரையும் பாணியைக் கற்றுக்கொள்ளாமல் குழப்புவதற்காகப் படத்தில் நுண்ணிய மாற்றங்களைச் சேர்க்கும் கருவி அது. என் படங்கள் வெள்ளைப் பின்புலத்தில் கோடும் புள்ளியுமாக இருப்பவை. வெள்ளையில் லேசாகக் கறை படிந்தது போலத் தெரிந்தது. ஓட்டின் மேல் எது புள்ளி, எது கறை என்று சந்தேகம் வரும்படியான படத்தை நான் வெளியிட முடியாது. வண்ண ஓவியம் தீட்டுபவர்களுக்கு அது பயன்படலாம். எனக்குப் பொருந்தவில்லை.

பெயர் எதற்கு என்ற கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரம் அரண்மனையில் சுவரோவியங்கள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போனேன். எத்தனையோ முறை பார்த்த சுவர்கள்தான். சேதுபதி இருக்கிறார், தஞ்சை மராட்டியரோடு போர் இருக்கிறது, ராமாயணக் கதை இருக்கிறது. வரைந்தவர் பெயரை நான் பார்த்த வரை எந்தச் சுவரிலும் கண்டதில்லை. அன்று அது குறையாகத் தோன்றவில்லை. அந்த ஓவியங்கள் இடம் பெயரவில்லை. யாருக்காவது ஐயம் வந்தால் அந்த மண்டபத்துக்குள் வந்து அண்ணாந்து பார்த்தால் போதும், அசல் அங்கேயே இருக்கிறது. என் நண்டுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. நான் தூங்கும்போதும் அது யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு வீட்டு முகவரி வேண்டும்.

14 இடங்களில் 6 பேர் பதில் போட்டு, படத்தை எடுத்துவிட்டார்கள் அல்லது திருத்தியதை வாங்கிக்கொண்டார்கள். படம் ஏற்றப்பட்டிருந்த ஒரு தளத்துக்கு முறைப்படி எழுத்தில் புகார் கொடுத்தேன். அப்படிப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நிறுத்தினார்கள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. துணிப்பையில் என் நண்டை அச்சடித்து யாத்திரை வருபவர்களுக்கு விற்கும் ஒரு கடையும் அதில் அடக்கம். அதைக் கடந்துபோகும்போது இன்றைக்கும் மனசு கசக்கிறது. அந்தக் கசப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன், அதை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் மட்டும் நான் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக நடந்துகொண்டார்கள். பழையதை இறக்கிவிட்டு, நான் கொடுத்த படத்தோடு புதிதாக அடித்தார்கள். இந்த முறை பெண் நண்டு மட்டும், முதுகும் அடியும், மூடிக்கு வெளியே பிதுங்கி நிற்கும் ஆரஞ்சு மஞ்சள் நிறச் சினையோடு. இடுக்கில் என் பெயரும், தொலைபேசி எண்ணும், ‘திருத்தம் 2’ என்ற குறிப்பும். சுவரில் கட்டிய அன்று தங்கச்சிமடத்துப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வரும்போதே, எதுக்குத்தா என்னய இழுக்கிற, வேலை கிடக்கு என்று சலித்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் வந்து நின்றதும் ரொம்ப நேரம் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கால்களை விரலால் எண்ணினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இப்ப சரியா இருக்கு” என்றார் முதலில். அப்புறம் சினைமேல் விரலை வைத்தார். “சினை மஞ்சளாவும் இருக்கும், கறுத்தும் இருக்கும்ல. கறுத்ததுதான் பொரியப் போறது. நீ மஞ்சள மட்டும் போட்டா, கறுத்துக் கிடக்கிறத அழுக்குன்னு நினைச்சு உரிச்சுப் போட்டுருவாக.”

அவர் சொன்னது சரி. முட்டைக்குள் குஞ்சு வளர வளர மஞ்சள் பழுப்பாகி, பொரியும் முன்னால் கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். படித்திருக்கிறேன், வரைய வேண்டும் என்று தோன்றியதில்லை. நாளைக் காலை வலை வரும்போது கறுத்த சினை நண்டு ஏதாவது பட்டிருந்தால் வாளித் தண்ணீரில் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் வரைந்து முடித்துவிட வேண்டும், அதன் பிறகு அவரே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவார் என்பது பேச்சு. பென்சில்களைச் சீவி வைத்திருக்கிறேன். முதல் பஸ் நாலரை மணிக்கு.